கவ்தோஸா, அனாஃபியா, தோனூசாவா, லிப்சியா? கூட்டமில்லாத கிரேக்க பீச் தேடுறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

போன மாசம் மட்டும் மூணு பேர் இதே கேள்விய கேட்டுட்டாங்க. சான்டோரினி, மிக்கோனோஸ் எல்லாம் வேணாம்ப்பா, கூட்டமே இல்லாத சின்னத் தீவா ஒண்ணு சொல்லு, பீச்சுல போய் சும்மா கிடக்கணும், அவ்ளோதான். ஒருத்தன் என் சித்தி பையன், கல்யாணமாகி எட்டு மாசம், சென்னைல இருந்து வர்றான். இன்னொருத்தர் ஆபீஸ் நண்பர், நாலு வயசு பொண்ணும் ஊர்ல இருந்து வர்ற அம்மாவும் கூட வர்றாங்க. மூணாவது காலேஜ் தோழி, தனியா டென்ட்டும் பையுமா சுத்துற ஆள். மூணு பேருமே வீடியோ பாத்து லிஸ்ட் போட்டு சுருக்கி, கடைசில நாலு தீவுப் பேர்ல வந்து மாட்டிக்கிட்டாங்க, அதுலயும் மூணு லிஸ்ட்டும் ஏறக்குறைய ஒண்ணு. கவ்தோஸ், அனாஃபி, தோனூசா, லிப்சி.

எனக்கு ஜெர்மனில வேலை, அதனால விசா கவலை இல்லாம ஆறு கோடைல இந்த நாலுக்கும் போயிட்டு வந்துட்டேன், தோனூசாவுக்கு ரெண்டு தடவ. அந்த தைரியத்துல சொல்றேன், போட்டோவ வச்சு இந்த நாலுல ஒண்ண தேர்ந்தெடுக்கவே முடியாது. நாலுலயும் தண்ணி அதே நீலம்தான், நாலுலயும் அடி வரைக்கும் தெரியும், நாலுலயும் வெள்ள அடிச்ச குட்டி சர்ச் ஒண்ணு மேட்டுல நிக்கும். வித்தியாசம் எல்லாம் போட்டோல விழாத விஷயத்துலதான் இருக்கு. கப்பல், காத்து, நிழல், பக்கத்துல துண்டு விரிச்சு படுத்திருக்குறது யாரு, இதெல்லாம்.

## எத வச்சு முடிவு பண்றது

மொதல்ல கப்பல். எப்படிப் போறதுன்னு எல்லாரும் பாக்குறாங்க, எப்படித் திரும்பி வர்றதுன்னு பாக்குறதே இல்ல. இந்தத் தீவு எதுலயும் ஏர்போர்ட் கிடையாது. வாரத்துல சில நாள்தான் கப்பல், சீசன் தாண்டிட்டா அதுவும் கொறையும். ஏதென்ஸ்ல இருந்து ஊருக்கு ஃப்ளைட் வச்சிருக்கிங்கன்னா, அதுக்கு மொத நாளே ஏதென்ஸ் வந்து சேந்திருக்கணும், இந்த விஷயத்துல நான் ரொம்ப கறார். கப்பல் கேன்சலானா கப்பல் காசு திரும்ப வரும், ஃப்ளைட் காசு யாரு குடுப்பா?

ரெண்டாவது காத்து, இது கப்பலோட ஒட்டிப் பொறந்தது. ஜூலை, ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல மெல்தெமின்னு ஒரு காத்து அடிக்கும். வடக்கேர்ந்து வர்றதால நம்ம கணக்குல வாடைதான், ஆனா நம்ம ஊர் வாடை மார்கழில குளிரக் கொண்டு வரும், இது உச்சி வெயில்ல, மேகமே இல்லாத வானத்துல, மண்ண வாரி மூஞ்சில அடிக்கும். பால்கன் பக்கம் காத்தழுத்தம் ஜாஸ்தி, துருக்கி பக்கம் கம்மி, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்து மாதிரி ஏஜியன் மாட்டிக்குது, அதான் காரணம். காத்து வேகத்த அளக்குற பியூஃபோர்ட் கணக்குல 7, 8-னு போச்சுன்னா துறைமுகத்துல கப்பல நிப்பாட்டிடுவாங்க, சின்னக் கப்பலா இருந்தா அதுக்கும் முன்னாடியே. அதுக்குன்னு கிரேக்கத்துல தனி வார்த்தையே இருக்கு, அபகொரெஃப்டிகோ. இந்த வார்த்தைய நான் டிக்கெட் கவுன்டர்ல நின்னுதான் கத்துக்கிட்டேன், மறக்கவே மறக்காது.

காத்து வடக்கேர்ந்து வர்றதால தீவோட தெக்குப் பக்கம் ஒதுக்கு, அலை இருக்காது. அதனால மேப்ப எடுத்து, பீச் எந்தத் திசையப் பாத்து இருக்குன்னு பாருங்க, ஸ்டார் ரேட்டிங்க விட இது முக்கியம்.

மூணாவது நிழல். அமைதியான பீச்னா குடை, சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுறவன் இல்லாத பீச்னு அர்த்தம். கிரேக்கத்துல 2024-ல 198 பீச்ச கால்படாத கடற்கரைகள்னு பட்டியல் போட்டு, அங்க குடை, நாற்காலி, கடை எதுவும் போடக்கூடாதுன்னே சொல்லிட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு 34 டிகிரில மரம் இல்லாத மணல்ல உக்காந்து பாத்தா தெரியும். இந்தத் தீவுகள்ல நிழல் தர்றது முக்கியமா ரெண்டு மரம். ஒண்ணு அல்மிரிகி, நம்ம சிறுசவுக்கு ஜாதி, உப்புக்கு அசராது. இன்னொண்ணு ஜூனிபர். எந்த பீச்சுல எது இருக்குன்னு தெரிஞ்சு போகணும்.

அப்புறம் பக்கத்துல யாரு. ஒதுக்குப்புறமான கிரேக்க பீச்சுல துணியில்லாம குளிக்கிறது சகஜம், யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க, ரொம்ப மரியாதையா இருப்பாங்க. ஆனா மாமியாரக் கூட்டிட்டுப் போறவர் இத முன்னாடியே தெரிஞ்சுக்குறது நல்லது, பின்னாடி என்னத் திட்டக்கூடாது.

கடைசியா மாசம். ஜூன் அல்லது செப்டம்பர், என்னக் கேட்டா செப்டம்பர், ஏன்னா கோட முழுக்க சூடான கடல் அப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், மே மாசத்துல தண்ணி பல்லக் கிட்டிடும். ஆகஸ்ட் 15 மாதா திருவிழா, அந்த வாரம் கிரேக்கமே தீவுக்கு வந்துடும், அந்த வாரத்துல அமைதின்னு ஒண்ண தேடாதீங்க.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை, சின்னத் தீவுன்னா மணல் பீச் இருக்கும்னு நெனச்சுக்காதீங்க. துருக்கிக்கரைல இருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குற கஸ்தெலோரிஸோ ரொம்ப அழகு, ரொம்ப தூரம், ஆனா மணல் பீச்சே கிடையாது, துறைமுகத்துப் படில இருந்து கடல்ல குதிக்க வேண்டியதுதான். தோழியோட லிஸ்ட்ல அது அஞ்சாவதா இருந்துச்சு, அடிச்சுத் தூக்கிட்டேன்.

## கவ்தோஸ்

க்ரீட் தீவுக்கும் தெக்கே, லிபியக் கடல்ல, நாப்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி. ஐரோப்பாவோட தென்கோடி முனைன்னு சொல்றது இங்க இருக்குற திரிப்பிடியத்தான், பாறை மேல பெரிய மர நாற்காலி ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க, அதுல உக்காந்து ஆப்பிரிக்காவப் பாத்து போட்டோ எடுத்துக்கலாம். ஆப்பிரிக்கா தெரியாது, அது வேற விஷயம்.

பீச்னு பாத்தா நாலுல இதுதான் பெருசு, சந்தேகமே இல்ல. சரக்கினிகோ, அய் யானிஸ், பொட்டமோஸ், லவ்ரகாஸ். அகலமான மணல், மணல்மேடு, அதுக்குப் பின்னாடி வளஞ்சு நெளிஞ்சு ஜூனிபர் மரங்க, ஊர்க்காரங்க அத கேத்ரோன்னு சொல்றாங்க. அதோட வேர்ல சாஞ்சு உக்காந்தா பிசின் வாசம் வரும் பாருங்க, அத நெனச்சா இப்பவும் டிக்கெட் போடத் தோணும். மரத்துக் கிளைய ஒடிக்காதீங்க, அங்க ஒரு மரம் அந்த உயரத்துக்கு வர எத்தன தலைமுற ஆச்சோ.

இப்ப குத்தம். மேல சொன்ன நாலு பீச்சும் வடக்கு, வடகிழக்குப் பாத்தது. மெல்தெமி அடிச்சா நேரா வாங்கிக்கும். அப்ப கோர்ஃபோஸ் பக்கமோ திரிப்பிடி பக்கமோதான் போகணும், திரிப்பிடிக்கு நடக்கணும், அங்க நிழலும் கிடையாது, தண்ணியும் கிடையாது. இந்தக் கடலோட காத்துக்கு பழைய சாட்சியே இருக்கு, பைபிள்ல பவுல கைதியா ஏத்திட்டுப் போன கப்பல் புயல்ல மாட்டி ஒரு சின்னத் தீவோட ஒதுக்குல ஓடும்ல, தமிழ் பைபிள்ல கிலவுதான்னு இருக்கும், அது இந்த கவ்தோஸ்தான்.

போற வழி: க்ரீட்ல ஹன்யா ஏர்போர்ட், அங்கேர்ந்து மலையத் தாண்டி ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்கு (சுருக்கமா ஸ்ஃபாக்கியா) பஸ், அங்க இருந்து கப்பல்ல ரெண்டரை மணி நேரம் போல. பலயோகோராவுல இருந்தும் கப்பல் உண்டு. ஏதென்ஸ்ல காலைல எறங்கி அன்னைக்கே கவ்தோஸ்ல தூங்குறதெல்லாம் நடக்குற காரியம் இல்ல, ஸ்ஃபாக்கியால ஒரு ராத்திரி, திரும்பி வரும்போது இன்னொரு ராத்திரி, பாதுகாப்புக்கு மூணாவதா ஒண்ணு. ஆக அஞ்சு நாள் கவ்தோஸ்ல இருக்க எட்டு நாள் லீவு வேணும். இந்தக் கணக்கு எந்த வீடியோலயும் வராது.

டென்ட்: பத்திருபது வருஷமாவே கவ்தோஸ்னா மரத்தடில டென்ட் போட்டு மாசக்கணக்கா கிடக்குறவங்க ஊர்னு பேரு. ஆனா கிரேக்கத்துல கேம்ப்சைட்டுக்கு வெளிய டென்ட் போடுறது சட்டப்படி தப்பு, 300 யூரோ ஃபைன். கண்டுக்க மாட்டாங்கன்னு ஆயிரம் பேர் சொல்லுவாங்க, ஃபைன் கட்டுறது நீங்க ஒருத்தர்தான். அதோட ஷெங்கன் விசாவுல வர்றவங்க தங்குற இடத்துக்கு புக்கிங் காட்டித்தான் விசாவே வாங்குறீங்க, அங்க போய் அதிகாரிகிட்ட மாட்டிக்கிற வேலை எதுக்கு. ரூம் இருக்கு, சரக்கினிகோலயும் கோர்ஃபோஸ்லயும் எளிமையான ரூம் கிடைக்குது.

யாருக்கு நல்லது: பத்து நாளுக்கு மேல லீவு இருக்குறவங்க, கப்பல் வரலேன்னா சந்தோஷப்படுற மனசு இருக்குறவங்க.

## அனாஃபி

சான்டோரினிக்கு கிழக்கால, கப்பல்ல ஒண்ணரை மணி நேரம் போல. அவ்ளோ பக்கத்துல அவ்ளோ கூட்டம், இங்க முன்னூறு பேர் கூட இல்லாத ஊர், நம்பவே முடியாது. கிரேக்கப் புராணத்துல ஜேசனோட கப்பல் இருட்டுல வழி தெரியாம தவிச்சப்போ அப்போலோ ஒளி காட்டி வெளிப்படுத்துன தீவுன்னு கதை, பேரும் அதுலேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்க. பாம்பு இல்லாத தீவுன்னும் ஒரு அர்த்தம் சொல்றாங்க, எனக்கு ரெண்டாவதுதான் ஆறுதலா இருந்துச்சு.

காத்துக் கணக்குல பாத்தா நாலுலயும் அனாஃபிதான் ஒண்ணாம் நம்பர். மணல் பீச் எல்லாமே தெக்குக்கரைல வரிசையா இருக்கு. துறைமுகத்துக்குப் பக்கத்துலயே க்ளிஸிதி, நடந்தே போயிடலாம், பக்கத்துல ரூமும் ஒண்ணு ரெண்டு தவெர்னாவும், அதாவது சாப்பாட்டுக் கடையும் இருக்கு. அங்கேர்ந்து கடலோரமா ஒத்தையடிப் பாதை கிளம்புது, கட்சூனி, ஃப்ளமூரூ, அப்புறம் ரூக்குனாஸ், அதத் தாண்டி கடைசில மடாலம். நடக்க நடக்க ஒவ்வொரு வளைவுலயும் ஒரு பீச், அதுல ரெண்டு பேரு, சில நேரம் யாருமே இல்ல. ரூக்குனாஸ்தான் நீளமானது, அல்மிரிகி மரம் வரிசையா இருக்கு, நிழல் தாராளம், அதனாலயே டென்ட் கூட்டமும் துணியில்லாக் கூட்டமும் அங்கதான். அலை வராதுன்னு சொன்னேன், ஆனா மலை மேலேர்ந்து திடீர்னு சறுக்கிக்கிட்டு ஒரு காத்து எறங்கும், தொப்பி, துண்டு, ஒரு தடவ என் செருப்பு கூட கடலுக்குப் போச்சு.

தீவோட கிழக்கு முனைல கலாமோஸ்னு ஒரே பாறை, கடல்லேர்ந்து 450 மீட்டருக்கு மேல செங்குத்தா எழும்பி நிக்கும், உச்சில ஒரு குட்டி மடாலம். கீழ இருக்குற மடாலம் பழைய அப்போலோ கோயில் கல்லு மேலயே கட்டுனது. செப்டம்பர் 8 அங்க திருவிழா, செப்டம்பர்ல போறவங்க இந்தத் தேதிய மனசுல வச்சுக்கோங்க, ஊரே சாப்பிடும், உங்களையும் உக்கார வச்சுடுவாங்க. ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ் அடிவாரத்துல தீவு வீடு மாதிரியே வெள்ளையா ஒரு தெரு இருக்கும்ல, அனாஃபியோட்டிகா, அது 19-ம் நூற்றாண்டுல மன்னர் ஓட்டோ காலத்துல கட்டட வேலைக்கு வந்த அனாஃபி கொத்தனாருங்க தங்களுக்குன்னு கட்டிக்கிட்டது. கப்பலுக்கு ஒரு நாள் முன்னாடி ஏதென்ஸ் வந்துட்டா அதயும் பாத்துடுங்க.

மறைஞ்ச செலவு இங்க ஒரே பேர்ல இருக்கு, சான்டோரினி. ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸ்லேர்ந்து நேரா வர்ற கப்பல் பத்து மணி நேரத்துக்கு மேல எடுக்கும், வாரத்துக்கு சில நாள்தான், பாதி ராத்திரில எறக்கி விடுற நாளும் உண்டு. அதனால சான்டோரினிக்கு ஃப்ளைட் புடிச்சு மாறுறவங்கதான் ஜாஸ்தி, மாறுற கப்பல் அன்னைக்கு இருக்காது, அப்ப சான்டோரினில ஒரு ராத்திரி, அந்த ஒரு ராத்திரி வாடகைல அனாஃபில ரெண்டு மூணு ராத்திரி தங்கலாம். எனக்கு இதுதான் நடந்துச்சு, கப்பல் காத்துல நின்னு போச்சு, துறைமுகத்துக்கு மேல ஒரு ரூம், ஏசி ஓடல, ஓனர் கிட்ட சொன்னா காத்து அடிக்குதே ஜன்னலத் தொறங்கன்னாரு. 2025 பிப்ரவரில சான்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் நடுவுல கடலுக்கடில வரிசையா நிலநடுக்கம் வந்து அனாஃபிலயும் அவசரநிலை அறிவிச்சாங்க, அது அடங்கிடுச்சு, ஆனா எரிமலைக்குப் பக்கத்து வீடுங்கறது ஞாபகம் இருக்கட்டும்.

## தோனூசா

நக்ஸோஸ் தீவுக்கு கிழக்கே, சின்ன சைக்ளடீஸ்ங்கற தீவுக் கூட்டத்துல கொஞ்சம் தனியா ஒதுங்கி நிக்கிற தீவு. 14 சதுர கிலோமீட்டர் கூட இல்ல. எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், அத மறைச்சு நடுநிலைன்னு நடிக்க மாட்டேன்.

ஏன்னா இங்க எதையும் திட்டம் போட வேண்டியதில்ல. கப்பல் ஸ்தவ்ரோஸ்ல நிக்கும், எறங்குன உடனே ஊரு, ஊருக்கு முன்னாடியே மணல் பீச், துறைமுகத் தண்ணிதான் ஆனா சுத்தமா இருக்கும். மேட்ட ஏறி எறங்கினா கால் மணி, இருபது நிமிஷத்துல கேத்ரோஸ், தெக்குப் பாத்தது, அலை இல்ல, ஓரத்துல மரம். அந்த வளைகுடாவுக்குள்ள ரெண்டாம் உலகப்போர்ல மூழ்குன ஜெர்மன் கப்பல் ஒண்ணு கிடக்கு, ஸ்நோர்க்கல் மாட்டிட்டு மேலேர்ந்தே பாக்கலாம். இன்னும் நடந்தா மெர்ஸினின்னு ஒரு ஊரு, அங்க ஒரு ஊத்து, தண்ணி எப்பவும் ஓடும், வெயில்ல வேர்த்து விறுவிறுத்துப் போய் அதுல மூஞ்சியக் கழுவுனா கெடைக்கிற சுகம் இருக்கே. அதுக்குக் கீழ படி மாதிரி எறங்குனா லிவாதி, பெரிய பீச், காலைல ஒம்பது மணிக்கு நானும் ஒரு ஆடும் மட்டும். வடக்குல கலோதரிதிஸ்ஸா, காத்தில்லாத நாள்ல போங்க. அங்க மதியம் சாப்பாடு சாப்பிட்டு வர வண்டியோ படகோ கெடைக்கும், எப்பக் கெளம்பும்னு மட்டும் கேட்டு வச்சுக்கோங்க.

போற வழில ரெண்டு தேர்வு. பிரேயஸ்லேர்ந்து பெரிய கப்பல், வாரத்துல சில நாள், ஏழு எட்டு மணி நேரம். இல்லன்னா நக்ஸோஸ் வரைக்கும் வந்து ஸ்கோபெலிடிஸ் எக்ஸ்பிரஸ்னு ஒரு சின்னக் கப்பல், இரக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசி, தோனூசா, அமோர்கோஸ்னு தீவு தீவா நின்னு போகும், நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி, கோழி தவிர எல்லாம் ஏறும். மெல்தெமி நாள்ல சின்னக் கப்பல் எதுவா இருந்தாலும் ஆடும், வெறும் வயித்துலயும் ஏறாதீங்க, மூக்கு முட்ட சாப்பிட்டும் ஏறாதீங்க, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு ரஸ்க். நக்ஸோஸ் நல்ல ஊரு, வெல ஜாஸ்தி இல்ல, அதனால இங்க ஒரு ராத்திரி மாட்டிக்கிட்டாலும் சான்டோரினில மாட்டுன மாதிரி பர்ஸ் கிழியாது.

மறைஞ்ச செலவு: ரூம் எண்ணிக்கை கம்மி, ஜூலை ஆகஸ்டுக்கு பல மாசம் முன்னாடியே போயிடும், மிச்சம் இருக்குறத அவன் சொன்ன வெலைக்கு எடுக்கணும். ஆகஸ்ட்ல கேத்ரோஸ் டென்டுக்காரங்களால நெறஞ்சிடும், பாட்டு, கிட்டார், நீங்க தேடி வந்த அமைதி அவங்க தேடி வந்த அமைதியில மாட்டிக்கும்.

கூஃபோனிசி ஏன் லிஸ்ட்ல இல்லன்னு கேப்பீங்க. பக்கத்துத் தீவுதான், இன்னும் சின்னது, தரை மட்டமா இருக்கும், ஃபினிகாஸ், ஃபனோஸ், இத்தாலிதா, போரின்னு ஒவ்வொண்ணா நடந்தே பாத்துடலாம், தண்ணி நிறம் தோனூசாவ விட ஒரு படி மேலன்னு கூட சொல்வேன். ஆனா அந்தச் செய்தி எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, ஜூலைலயே வெல ஏறிடுது. மே கடைசி அல்லது செப்டம்பர் பின்பாதின்னா தாராளமா போங்க, எதுத்தாப்புல ஆளில்லாத கேரோஸ் தீவு தெரியும், ஏதென்ஸ் மியூசியத்துல இருக்குற யாழ் வாசிக்கிற பளிங்கு பொம்மையும் குழல் ஊதுற பொம்மையும் கிடைச்ச இடம் அதுதான்.

## லிப்சி

மத்த மூணையும் பாத்துட்டு லிப்சியப் பாத்தா கொஞ்சம் சாதுவாத் தெரியும். பத்மோஸ், லேரோஸ்ங்கற ரெண்டு தீவுக்கும் நடுவுல, எண்ணூறு பேர் பக்கம் வருஷம் முழுக்க வாழுற ஊரு, அதனால பேக்கரி, மருந்து, ஸ்கூல், மினி பஸ் எல்லாம் இருக்கு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கிறவங்களுக்கு இதுதான் முடிவையே மாத்துற விஷயம்.

ப்ளாட்டிஸ் யாலோஸ்னு ஒரு பீச், ரொம்ப தூரம் உள்ள போனாலும் முட்டி அளவுதான் தண்ணி, சின்னப் பசங்கள விட்டுட்டு நிம்மதியா உக்காரலாம், வாத்து வேற சுத்தும். ஊர்லேர்ந்து பஸ் போகும். நடந்து போற தூரத்துல லியெந்தூ, தெக்கால கட்சாதியா, ரெண்டுலயும் மரநிழல் உண்டு. மோனோதெந்த்ரின்னா ஒத்த மரம்னு அர்த்தம், நெஜமாவே ஒரே மரம், அங்க துணியில்லாம குளிப்பாங்க, மத்த பீச்சுல குடும்பமா போகலாம். ஒரு நாள் படகு புடிச்சா பக்கத்துல ஆர்க்கி, மரதி, கண்ணாடித் தண்ணியோட குட்டிக் குட்டி திட்டுங்க. அமைதி வேணுங்கறவங்க அந்த ஆர்க்கிலயே ரெண்டு ராத்திரி தங்கலாம், அம்பது பேர் இருக்குற ஊரு அது.

ஹோமர் காவியத்துல ஒடிசியஸ கலிப்சோ ஏழு வருஷம் புடிச்சு வச்ச தீவு எங்களுதுதான்னு லிப்சிக்காரங்க சொல்வாங்க, கவ்தோஸ்காரங்களும் சொல்வாங்க. கப்பல் கேன்சலான கணக்கப் பாத்தா நான் கவ்தோஸ் பக்கம்தான். லிப்சில வேற ஒரு அதிசயம் இருக்கு, மாதா கைல குழந்தைக்குப் பதிலா சிலுவைல அறைஞ்ச இயேசு இருக்குற படம், அதுக்கு வச்ச லில்லிப் பூ காஞ்சு போய், ஆகஸ்ட் 23 திருவிழா சமயத்துல திரும்ப மொட்டு விடும்னு நம்பிக்கை.

குறை என்னன்னா தூரம். பிரேயஸ்லேர்ந்து கப்பல், எட்டு ஒம்பது மணி நேரம், அர்த்த ராத்திரில போய் சேரும். இல்லன்னா கோஸ் அல்லது சாமோஸுக்கு ஃப்ளைட், அங்கேர்ந்து கட்டமரான்னு ஒரு வேகக் கப்பல். கட்டமரான் நம்ம வார்த்தைதான், கட்டுமரம், ஆனா கட்டணம் நம்ம ஊர் கட்டணம் இல்ல. பிரேயஸ் கப்பல்ல அம்மாவக் கூட்டிட்டுப் போறீங்கன்னா டெக்ல மிச்சம் புடிக்காம கேபின் எடுங்க, அந்தக் காசத்தான் மறைஞ்ச செலவுன்னு சொல்றேன்.

## ஒரே பார்வைல

| | கவ்தோஸ் | அனாஃபி | தோனூசா | லிப்சி |
|---|---|---|---|---|
| எது வழியா | ஹன்யா, ஸ்ஃபாக்கியா | சான்டோரினி அல்லது பிரேயஸ் | நக்ஸோஸ் அல்லது பிரேயஸ் | கோஸ், சாமோஸ் அல்லது பிரேயஸ் |
| மொத்தமா எத்தன நாள் வேணும் | 8 முதல் 10 | 7 | 6 | 7 |
| மெல்தெமி அடிச்சா | பெரிய பீச் எல்லாம் அடிவாங்கும் | தப்பிச்சீங்க | தெக்கு பீச் ரெண்டு இருக்கு | ஏதாவது ஒரு பக்கம் ஒதுக்கு கெடைக்கும் |
| நிழல் | ஜூனிபர், அருமை | ரூக்குனாஸ்ல நல்லா, மத்ததுல கொஞ்சம் | சுமார் | நல்லா |
| குழந்தை, பெரியவங்க | வேணாம் | நடை இருக்கு, யோசிங்க | மேடு பள்ளம் உண்டு | தாராளமா |
| மறைஞ்ச செலவு | க்ரீட்ல ரெண்டு மூணு ராத்திரி | சான்டோரினி ரூம் | சீக்கிரம் தீர்ந்து போற ரூம் | கேபின் அல்லது ரெண்டாவது ஃப்ளைட் |

## நாலுக்கும் பொதுவான செலவு

இந்தியால இருந்து வர்றவங்களுக்கு ஷெங்கன் விசா 90 யூரோ, அதோட குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, மேல சர்வீஸ் கட்டணம். இதுல ஒரு சிக்கல், சின்னத் தீவுக்கு கப்பல் டைம்டேபிள் ரொம்ப லேட்டாத்தான் வெளிவரும், விசாவுக்கு அதுக்கு முன்னாடியே ரூம் புக்கிங் காட்டணும். அதனால கேன்சல் பண்ற வசதியோட ரூம் போடுங்க, பத்து யூரோ ஜாஸ்தின்னாலும் அதையே எடுங்க.

ஏதென்ஸ் ஏர்போர்ட்லேர்ந்து பிரேயஸுக்கு 2022 அக்டோபர்லேர்ந்து மெட்ரோ நேரா போகுது, ஒரு மணி நேரம், 9 யூரோ. காலைக் கப்பல் ஏழு மணி வாக்குல கெளம்பும், மெட்ரோவ நம்பி அந்தக் கப்பலப் புடிக்க முடியாது, மொத நாள் பிரேயஸ்லயே தங்குங்க. எக்ஸ் 96 பஸ் ராத்திரி முழுக்க ஓடுது, ஆனா ஃப்ளைட் லேட்டாச்சுன்னா அதுவும் உதவாது.

ரூம் வாடகைக்கு மேல ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஒரு அரசாங்க வரி உண்டு, தங்குற இடத்தோட தரத்தப் பொறுத்து மாறும், நெட்ல காட்டுற வெலைல சேந்திருக்காது, கைல வாங்குவாங்க. கைல நோட்டா கொஞ்சம் வச்சுக்கோங்க. தண்ணி பாட்டில்தான். சைவக்காரங்க பட்டினி கிடக்க மாட்டீங்க, பட்டாணிப் பருப்பக் கடஞ்ச ஃபாவா, கொண்டக்கடல ரெவித்தியா, தக்காளிக்குள்ள சோறு அடைச்ச யெமிஸ்தா எல்லா தவெர்னாலயும் இருக்கும். நிஸ்திஸிமோன்னு கேளுங்க, விரதச் சாப்பாடுன்னு அர்த்தம், கறி, முட்டை, பால் எதுவும் இல்லாம குடுப்பாங்க, ஆனா எறா கணவாயெல்லாம் அவங்க விரதக் கணக்குல சேத்தி, அத தனியா சொல்லிடுங்க.

## மூணு பேருக்கும் என்ன சொன்னேன்

ஆபீஸ் நண்பருக்கு யோசிக்கவே இல்ல, லிப்சி, செப்டம்பர் மொத வாரம், கோஸ் வழியா. அவரு ப்ளாட்டிஸ் யாலோஸ் போட்டோவ அம்மாவுக்கு அனுப்புனாரு, அம்மா கேட்ட ஒரே கேள்வி, வாத்து இருக்கே, யாருதுப்பா அது.

தோழி கவ்தோஸ்னு தான் வந்தா, டென்டோட. அவகிட்ட இருக்குறது ஏழு நாள், ஜூலை கடைசி. அந்த மாசத்துல, அந்த ஏழு நாளுல கவ்தோஸ் வேணாம், அனாஃபி போ, அந்தக் கடலோரப் பாதைய நடந்து முடி, க்ளிஸிதில ரூம் எடுத்துக்கோன்னு சொன்னேன். முறைச்சா. அடுத்த வருஷம் மூணு வாரம் லீவு சேத்து வச்சு கவ்தோஸ் போறதா சொல்லிருக்கா, அது சரியான முடிவு, நானும் கூட வரேன்னு சொல்லிருக்கேன்.

சித்தி பையனும் கவ்தோஸ்தான் கேட்டான், ஐரோப்பாவோட கடைசி முனைல நிக்கணுமாம். சென்னைலேர்ந்து வர்றது, மொத்தம் எட்டு ராத்திரி, அதுல ரெண்டு ஃப்ளைட்டுக்கே போயிடும். டேய், உன் பொண்டாட்டியக் கூட்டிட்டு ஸ்ஃபாக்கியா துறைமுகத்துல கப்பல் வருமா வராதான்னு உக்காந்திருக்கப் போறியான்னு கேட்டேன். ஜூன் ரெண்டாவது வாரம் தோனூசான்னு முடிவாச்சு, நாலு ராத்திரி அங்க, திரும்பும்போது நக்ஸோஸ்ல ஒண்ணு, ஏதென்ஸ்ல ஒண்ணு. நேத்து அவன் பொண்டாட்டி மெசேஜ் பண்ணிருந்தா, மாமா, செருப்பு எது போடணும், பாறைல கடல் அர்ச்சின் குத்தும்னு படிச்சேன்னு. தண்ணிக்குள்ள போடுற ரப்பர் ஷூ வாங்கிக்கோம்மா, ரெண்டு ஜோடி, அவனுக்கும் சேத்து, அவன் வேணாம்னுதான் சொல்லுவான்.